புல்திட்டுகளில் போன்ஃபிஷ்: ஆழமற்ற கடலில் ஃப்ளை தூண்டில் போடும் முறை

ஃபுளோரிடா மாநிலத்தின் தென்முனையில், மயாமி நகரை ஒட்டிய பிஸ்கேன் விரிகுடாவில் தொடங்கி, கீ வெஸ்ட்டையும் தாண்டி மார்க்கேசாஸ் வரை வளைந்து செல்லும் தீவுத் தொடரின் இருபுறமும், கணுக்காலளவிலிருந்து இடுப்பளவு வரையே ஆழமுள்ள கடற்புல் திட்டுகள் பரந்து கிடக்கின்றன. நீரேற்றத்தின்போது ஆழமான கால்வாய்களிலிருந்து இந்தத் திட்டுகளின் மேல் ஏறி வந்து இறாலையும் நண்டையும் புழுக்களையும் தின்னும் போன்ஃபிஷ் என்ற வெள்ளி நிற மீனை, ஃப்ளை எனப்படும், இறகும் நூலும் சேர்த்துக் கட்டிய சிறு செயற்கை இரையால் எப்படிப் பிடிப்பது என்பதையே இங்கு விளக்குகிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துச் செல்கிறது. ஃப்ளை முறையிலோ லைன் எனப்படும் தடித்த கயிற்றின் எடைதான், கிட்டத்தட்ட எடையே இல்லாத இரையைச் சுமந்து செல்கிறது. அதனால்தான் ஓரடி ஆழ நீரில், மீனுக்கு அருகே, ஓசையில்லாமல் இரையை இறக்குவதற்கு இம்முறை மிகவும் பொருந்துகிறது. 1947-இல் இத்தீவுத் தொடரிலுள்ள ஐலமொராடாவில் ஜோ புரூக்ஸ் என்ற தூண்டில்காரர், ஜிம்மி ஆல்பிரைட் என்ற வழிகாட்டியின் துணையோடு, வால் காட்டி மேய்ந்த போன்ஃபிஷ்ஷைக் குறிவைத்து ஃப்ளையால் பிடித்த பிறகே இந்த முறை பரவலாக அறியப்பட்டது. ஃப்ளை லைனையும் அதன் பின்னுள்ள மெல்லிய கயிற்றையும் இணைக்க இன்றும் போடப்படும் ஆல்பிரைட் முடிச்சு அந்த வழிகாட்டியின் பெயரால் வழங்குவது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எவ்வளவு தூரம் வீச வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என் கருத்தில் அது பிற்பாடு கேட்க வேண்டிய கேள்வி. முப்பது சென்டிமீட்டர் நீரில் நிற்கும் மீனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. மேலே விரால் அடிப்பான் பருந்து, பின்னால் சுறா, பக்கத்தில் சீலா என்று எல்லாத் திசையிலும் அதற்கு ஆபத்து உண்டு. இரைக்காக அந்த ஆபத்தை ஏற்று மேட்டுக்கு வரும் மீன், ஒரு நிழலையும் ஒரு தட்டலையும் கூட எதிரியின் வருகையாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே, வீச்சுக்கு முன்னால் நாம் செய்பவையும் செய்யாமல் விடுபவையும்தான் மீன் கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. தூரமாக வீசத் தெரிந்தும் மீனைக் காணத் தெரியாதவரைவிட, பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் மட்டுமே வீசத் தெரிந்து, அதற்குள் மீனை மிரளாமல் வரவிடத் தெரிந்தவரே இங்கு அதிக மீன் பிடிக்கிறார்.

நீரும் நேரமும்

போன்ஃபிஷ் வெதுவெதுப்பான நீரை விரும்பும் மீன். நீரின் வெப்பம் ஏறக்குறைய 21 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது திட்டுகளில் அதைத் தேடலாம். குளிர்காலத்தில் வாடைக்காற்று வீசி நீர் திடீரெனக் குளிர்ந்தால் அது ஆழத்துக்குப் போய்விடும். 2010 ஜனவரியில் நீண்ட நாள் நீடித்த குளிரில் தென் ஃபுளோரிடாவின் ஆழமற்ற நீரில் ஏராளமான மீன்கள் மடிந்தன. கோடையின் நடுப்பகலில் திட்டின் மேலுள்ள நீர் கொதித்துக் கிடக்கும்போதும் மீன் ஏறாது. அப்போது விடியற்காலையும் அந்திப்பொழுதும்தான் பயன்படும். சித்திரை தொடங்கி ஆனி வரையிலும், பின்னர் புரட்டாசி, ஐப்பசி மாதங்களிலும் இங்கு நல்ல பருவம்.

ஏற்றவற்றத்தைப் படிப்பது அதைவிட முக்கியம். ஏற்றம் தொடங்கி நீர் மெல்ல மேட்டில் பரவும்போது, மீன்கள் கால்வாய் ஓரத்தில் காத்திருந்து, முதுகு மூழ்கும் அளவு நீர் வந்தவுடன் உள்ளே நுழைகின்றன. வற்றத்தின்போது அதே வழிகளில் திரும்புகின்றன. ஆகவே திட்டின் நடுவில் போய் நிற்பதைவிட, அது கால்வாயைத் தொடும் விளிம்பிலும், விளிம்பை வெட்டிச் செல்லும் சிறு ஓடைவாய்களிலும் நிற்பதே அறிவுடைமை. மீன் பெரும்பாலும் நீரோட்டத்தை எதிர்த்தே மேய்கிறது, ஏனெனில் இரையின் வாடை ஓட்டத்தோடுதான் அதன் மூக்கை வந்தடைகிறது. நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் புல்லின் நுனி சாய்ந்திருக்கும் திசையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மீன் வரப்போவது அந்த நுனிகள் சுட்டும் பக்கத்திலிருந்துதான். ஒரே தீவின் அட்லாண்டிக் பக்கத்துக்கும் விரிகுடாப் பக்கத்துக்கும் ஏற்ற நேரம் சில மணி நேரம் வேறுபடும் என்பதையும், ஃபுளோரிடா விரிகுடாவின் உட்பகுதியில் சந்திரனைவிடக் காற்றே நீர்மட்டத்தை அதிகம் மாற்றுகிறது என்பதையும் நினைவில் வைத்து அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக

ஒன்பதடி நீளமுள்ள 8 எண் கோல் (அது தாங்கும் லைனின் எடையைக் குறிப்பது இந்த எண்), அதற்கேற்ற மிதக்கும் லைன், மென்மையாகவும் சீராகவும் இழுபடும் டிராக் (ஓடும் மீனுக்கு எதிராக லைனை இறுக்கும் தடை) கொண்ட ரீல், அதில் லைனுக்குப் பின்னால் சுற்றும் மெல்லிய கயிறான பேக்கிங் 150 முதல் 200 கஜம் ஆகியவை போதும். வெப்பக் கடல்களுக்கென்று செய்யப்பட்ட லைனையே வாங்க வேண்டும்; குளிர் நாட்டு ஆற்று மீனுக்கான லைன் இந்த வெயிலில் குழைந்து, கோலின் வளையங்களில் ஒட்டும். லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பான லீடரின் நீளம் காற்றுள்ள நாளில் பத்தடி, நீர் கண்ணாடியைப்போல் அசையாதிருக்கும் நாளில் பன்னிரண்டு முதல் பதினான்கு அடி. அதன் நுனி நரம்பு 10 அல்லது 12 பவுண்டு வலிமை கொண்டதாக இருக்கட்டும். புல்திட்டுக்குப் போகிறவர், பல துண்டுகளை முடிந்து செய்த லீடரைத் தவிர்த்து, முடிச்சில்லாமல் படிப்படியாக மெலியும் லீடரைப் பயன்படுத்துவது நல்லது. மிதந்து வரும் அறுந்த புல்லிதழ்கள் ஒவ்வொரு முடிச்சிலும் சிக்கி, ஃப்ளைக்கு முன்னால் ஒரு கொத்தாகத் தொங்கும். ஃப்ளையை இறுக்கமாகக் கட்டாமல் சிறு சுருக்கு விட்டுக் கட்டினால் அது நீரில் தடையின்றி அசையும்.

கோலைவிட அதிகக் கவனம் கண்ணாடிக்குத் தேவை. நீர்ப்பரப்பின் பளபளப்பை நீக்கும் போலராய்டு கண்ணாடி இல்லாமல் இந்த மீன்பிடிப்பே இல்லை. செம்பு அல்லது தேன் நிற வில்லை, பழுப்பும் பச்சையுமான புல்லின் மேல் மீனைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. தொப்பியின் முன்மடலின் அடிப்பக்கம் கரிய நிறமாக இருந்தால் நீரிலிருந்து எழும் ஒளி கண்ணில் தெறிக்காது.

ஃப்ளையும் புல்லும்

இத்திட்டுகளில் அதிகம் காணப்படுவது ஆமைப்புல். ஒரு விரல் அகலத்துக்கும் குறைவான நாடாபோன்ற இலைகளுடன், ஓரடி உயரம் வரை அடர்த்தியாக வளர்வது. நம் பாக் நீரிணைப் பகுதியில் வளரும் கடற்புற்களில் ஒன்றும் தலாசியா என்ற இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். அதனோடு உருளையான இலைகள் கொண்ட மானட்டிப் புல்லும், மேடான இடங்களில் மெல்லிய ஷோல் புல்லும் கலந்து வளர்கின்றன. இறாலும் நண்டும் இந்த இலைகளின் அடியில்தான் வாழ்கின்றன என்பதால் மீன் இங்கு வருகிறது. ஆனால் அதே இலைகள்தான் நம் ஃப்ளையை விழுங்கிக்கொள்ளவும் செய்கின்றன. மணல் திட்டுக்கும் புல்திட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. மணலில் ஃப்ளை அடிவரை போய்க் கிடந்தாலும் மீனுக்குத் தெரியும். புல்லிலோ அது இலைகளுக்குள் புதைந்துவிட்டால், மீன் அதன் மேலேயே நீந்திப் போனாலும் காணாது.

ஆகவே ஃப்ளையின் எடையைத் தேர்ந்தெடுப்பதில்தான் புல்திட்டு மீனவரின் நுட்பம் இருக்கிறது. முழங்கால் அளவுக்குக் குறைந்த நீரில், ஈயக் கண் வைத்த ஃப்ளை இரண்டு தீங்கு செய்யும்: விழும்போது சத்தமெழுப்பி மீனை விரட்டும், விழுந்த பிறகு விரைந்து மூழ்கிப் புல்லில் மறையும். அங்கே மணிச்சங்கிலியில் இருந்து வெட்டிய சிறு கண்கள் வைத்தது, அல்லது கண்ணே இல்லாதது போதும். தொடையளவு ஆழத்தில், புல்லிடையே மணல் பள்ளங்கள் உள்ள இடத்தில் மட்டும் சிறிய ஈயக் கண்களைப் பயன்படுத்தலாம். கண்களை முள்ளின் மேற்புறத்தில் கட்டுவதால் ஃப்ளை நீரில் தலைகீழாகப் புரண்டு, முள்முனை மேல்நோக்கிச் செல்லும். அதனால் புல்லில் சிக்குவது குறைகிறது. அடர்ந்த ஆமைப்புல்லில் அது மட்டும் போதாது. 16 அல்லது 20 பவுண்டு விறைப்பான நரம்பில் இரண்டு கால்களை முள்முனைக்கு முன்னால் கவட்டைபோல் கட்டி, அவை முனையை மிகச் சிறிதளவே தாண்டி நீளும்படி வெட்ட வேண்டும். நீளம் கூடினால் மீனின் வாயிலும் முள் ஏறாது.

புறப்படுமுன் எந்த ஃப்ளை சரி என்று ஊகிப்பதை விட, இறங்கிய இடத்திலேயே சோதிப்பது எளிது. கையிலுள்ள ஃப்ளையைக் காலடியில் விட்டுக் குனிந்து பாருங்கள். அது விழுந்து, இலைகளின் நுனிமட்டத்தை அடைய எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். பிறகு ஒரு சாண் அளவு இழுத்துப் பார்த்தால், அது நுனிகளின் மேல் தாவுகிறதா, இலைகளை ஒதுக்கிக்கொண்டு ஊர்கிறதா, அல்லது உள்ளே இறங்கி மாட்டிக்கொள்கிறதா என்பது கண்ணெதிரே தெரியும். இலை நுனிகளுக்குச் சற்று மேலே சென்று, நிறுத்தும்போது மெல்லச் சரிந்து நுனியைத் தொடும் ஃப்ளையே அன்றைக்கு வேண்டியது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆழம் மாறும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்து பார்ப்பதை நான் வற்புறுத்துவேன்.

நிறத்தில் அடித்தளத்தை ஒத்திருப்பதே பொது விதி. இத்திட்டுகளில் வாழும் உயிர்கள் தம் இடத்தின் நிறத்தையே பூண்டிருப்பதால், புல்லுக்கு ஒலிவ் பச்சையும் பழுப்பும், மணலுக்கு வெளிர் மண்நிறமும் பொருந்தும். பஹாமாஸின் வெளிர் மணலில் புகழ்பெற்ற கிரேஸி சார்லி போன்ற சிறு ஃப்ளைகளைவிட, ஃபுளோரிடாவின் பெரிய மீன்களுக்கு 2 அல்லது 4 எண் முள்ளில், முயல்மயிரோ மான்மயிரோ கொண்டு சற்றுப் பருமனாகக் கட்டிய இறால் வடிவங்கள் நன்றாக உதவுகின்றன.

மீனைக் காணுதல்

மீனைத் தேடினால் மீன் தென்படாது. அதன் பக்கங்கள் வெள்ளிச் செதில்களால் ஆனவை. சுற்றியுள்ளதையே அவை திருப்பிக் காட்டுவதால் புல்லின் மேல் நிற்கும் மீன் புல்லாகவே தெரியும். நிழலையும் அசைவையும் தேட வேண்டும். பார்வையை நீர்ப்பரப்பில் நிறுத்தாமல் அடித்தளத்தில் நிறுத்தி, ஒரு சிறு பகுதியை ஊன்றிப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நகருங்கள். அடர்ந்த புல்லுக்கிடையே வெளிறிய மணல் பள்ளங்கள் இருந்தால் உங்கள் கண் அவற்றையே காவல் காக்கட்டும். புல்லின் மேல் மறைந்து வந்த மீன், பள்ளத்தைக் கடக்கும் அந்த ஒரு கணத்தில் சாம்பல் நிறக் கோடாக வெளிப்படும். சூரியன் முதுகுப்புறம் இருக்கும்படி நகர்வது நல்லது. எதிர்த்திசையில் வெண்மேகம் இருந்தால் நீர் முழுதும் வெள்ளையாகப் பளிச்சிடும். அப்போது கரையோரக் கண்டல் மரங்களைப் பின்னணியாகக் கொண்ட பக்கம் திரும்பினால் மீண்டும் நீருக்குள் பார்க்க முடியும்.

சீலா ஒரு குச்சியைப்போல் அசையாமல் கிடக்கும். சிறு சுறா, உடல் முழுதும் வளைந்து வளைந்து செல்லும். மடவைக் கூட்டம் மேற்பரப்பை ஒட்டித் திரிந்து அவ்வப்போது துள்ளும். போன்ஃபிஷ் மட்டும் எப்போதும் ஏதோ வேலையாகப் போவதுபோல நகர்ந்துகொண்டே இருக்கும், இடையிடையே நின்று மூக்கைத் தரையில் குத்தும். கணுக்கால் அளவு நீரில் அப்படிக் குத்தும்போது வாலின் நுனி நீருக்கு வெளியே எழுந்து ஒளியில் மின்னும். விடியலிலும் அந்தியிலும், நீருக்குள் எதுவும் தெரியாத மங்கிய ஒளியில், இந்த வால்தான் ஒரே அடையாளம். பகலில், காற்று எழுப்பிய சிற்றலைகளின் ஒழுங்கு ஓரிடத்தில் மட்டும் கலைந்து, அந்தக் கலைவு காற்றுக்கு எதிராகவோ குறுக்காகவோ நகர்ந்தால் அடியில் கூட்டம் ஒன்று வருகிறது என்று பொருள். சற்று ஆழமான இடத்தில் வெண்புகை போன்ற சேற்றுக் கலக்கல் எழுந்தால் அங்கே கூட்டமாக மேய்கின்றன. கலக்கலின் பழைய பகுதி ஓட்டத்தோடு மங்கிப் பரவும், மீன்கள் இருப்பது புதிதாகக் கொப்பளிக்கும் மேல்முனையில்.

நெருங்குதல்

ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், மீனின் பார்வையில் நீர்மட்டத்தை ஒட்டிய காட்சிகள் மிகவும் நசுங்கி, மங்கிவிடுகின்றன. நீர்ப்பரப்பிலிருந்து ஏறக்குறைய 10 டிகிரிக் கோணத்துக்குக் கீழே உள்ள பொருளை மீன் தெளிவாகக் காணாது என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இதைத் தூரமாக மாற்றினால், 12 மீட்டர் தள்ளி இருப்பவர் நீருக்கு மேல் இரண்டு மீட்டர் உயரம் வரை இருந்தால் ஓரளவு மறைந்திருக்கிறார். படகின் பின்புற மேடையில் மூன்று மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அதே மறைவு 17 மீட்டருக்கு அப்பால்தான் கிடைக்கும். நீரில் நடந்து செல்பவர் படகிலிருப்பவரைவிட அதிகம் நெருங்க முடிவதற்குக் காரணம் இதுவே. மீன் எதிர்பாராமல் அருகில் தோன்றினால் உடனே முழங்காலிட்டுக் குனிவதும், கோலைத் தலைக்கு மேல் உயர்த்தாமல் பக்கவாட்டில் தாழ்வாக வீசுவதும் வெறும் பழக்கமல்ல.

ஒலி, காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் நீரில் செல்கிறது. படகில் பெட்டி மூடியை விழவிடுவதும், தள்ளுகோலின் முனை பாறையில் இடிப்பதும், ஷூ அணிந்த காலை அழுத்தி வைப்பதும் நாம் காணாத மீனையும் விரட்டிவிடும். நடந்து செல்பவர் பாதத்தைத் தூக்கி வைக்காமல் அடியில் தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். அது ஓசையைக் குறைப்பதோடு, புல்லில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதிக்காமல் முன்கூட்டியே விலகச் செய்கிறது. முழங்காலுக்கு முன்னால் நீர் அலையாக எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் வேகம் அதிகம். அந்த அலை உங்களுக்கு முன்பே மீனிடம் போய்ச் சேரும்.

படகின் முனையில் நிற்பவர் பதினைந்து மீட்டர் லைனை முன்கூட்டியே உருவி, ஒருமுறை வீசி மீண்டும் இழுத்து, முதலில் போக வேண்டிய பகுதி மேலே இருக்குமாறு காலடியில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஃப்ளையை இடக்கை விரல்களில் பிடித்திருக்க வேண்டும். மீன் தென்பட்டதிலிருந்து ஃப்ளை நீரைத் தொடும் வரை கிடைப்பது சில நொடிகளே. பின்னால் தள்ளுகோல் பிடிப்பவர், படகின் முனையைப் பன்னிரண்டு மணி என்று வைத்து, பத்து மணி, பதினைந்து மீட்டர், வலமாகப் போகிறது என்று சொல்வார். கேட்டவுடன் கோலை அந்தத் திசையில் நீட்டிக் காட்டினால், அவர் இன்னும் இடம் அல்லது இன்னும் வலம் என்று திருத்துவார். மீனைக் காணாமல் எண்ணை மட்டும் நம்பி வீசுவது அரிதாகவே பலிக்கும்.

வீச்சும் இழுப்பும்

காற்றில் லைனை முன்னும் பின்னுமாக ஆட்டுவதை ஒன்று, மிஞ்சினால் இரண்டு முறையோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் லைனின் நிழல் திட்டின் மேல் ஓடுகிறது. மீன் நகர்ந்து செல்லும்போது அதன் பாதையில் இரண்டு மூன்று மீட்டர் முன்னால் ஃப்ளையை இறக்கி, அது இலை நுனியை அடையும் வரை அசைக்காமல் காத்திருந்து, மீன் ஒரு மீட்டர் தொலைவுக்கு வந்ததும் முதல் இழுப்பைக் கொடுக்க வேண்டும். வால் காட்டி மேயும் மீன் வேறு வகை. அதன் கண் புல்லுக்குள் இருக்கிறது, உலகம் அதற்கு ஓரிரு அடி அகலமே. அதற்கு ஃப்ளை தலையிலிருந்து இரண்டு மூன்றடிக்குள் விழ வேண்டும், அதுவும் வால் மேலே இருக்கும்போதே. வால் இறங்கி மீன் நகரத் தொடங்கிவிட்டால், மறுபடி எங்கே குத்துகிறது என்று பார்த்துவிட்டு வீசுவது மேல்.

இழுக்கும்போது ஃப்ளை மீனைவிட்டு விலகிச் செல்வதாகவே தோன்ற வேண்டும். எந்த இறாலும் தன்னைத் தின்ன வருவதை நோக்கி ஓடுவதில்லை. மீனின் பின்னாலோ மறுபுறத்திலோ விழுந்த ஃப்ளையை மீனை நோக்கி இழுத்தால், பெரிய போன்ஃபிஷ்ஷும் வெருண்டு ஓடிவிடும். அப்படி விழுந்துவிட்டால் லைனைப் பிடுங்காமல், மீன் கடந்து போகும்வரை அப்படியே விட்டுவிட வேண்டும்.

மீன் ஃப்ளையைக் கண்டதை அதன் உடல் சொல்லும். நேராகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று திரும்பி வேகமெடுக்கும். அப்போது கோல்நுனியை நீரைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி, பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் அளவில் சிறு சிறு இழுப்புகள் கொடுங்கள். தொடர்ந்து வருகிறது, ஆனால் எடுக்கவில்லை என்றால் ஒரு கணம் நிறுத்துங்கள். ஃப்ளை புல்லுக்குள் ஒளிய முயல்வதாக மீனுக்குத் தோன்றும். தலை கீழே சாய்ந்து, செட்டைகள் விரிந்து, உடல் சற்று நடுங்கினால் அது வாயில் எடுத்துவிட்டது என்று கொள்ளலாம். கையில் எந்த உணர்வும் வருவதற்கு முன்பே இது நடந்துவிடும். கோலைத் தூக்கவே கூடாது. லைனை மட்டும் நிதானமாக, நீளமாக ஓர் இழுப்பு இழுத்தால், எடுத்திருந்தால் முள் ஏறும். எடுக்காதிருந்தால் ஃப்ளை ஓரடி தாவி மீனின் முன்னாலேயே இருக்கும், பல வேளைகளில் மீன் மறுபடியும் பாயும். ஆற்று மீன் பிடித்துப் பழகியவர் கோலை வெடுக்கென்று உயர்த்தும்போது ஃப்ளை நீரைவிட்டே பறந்துபோய், மீனும் போய்விடுகிறது.

அதே திட்டுகளில் வரும் பெர்மிட், நம் பாரை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு நண்டு வடிவ ஃப்ளை வேண்டும். டெல் பிரவுன் என்பவர் உருவாக்கிய மெர்க்கின் என்ற வடிவம் இதில் பெயர்பெற்றது. அதை மீனின் முன்னால் இறக்கி, அடிவரை மூழ்கவிட்டு, கிட்டத்தட்ட அசைக்காமலே வைத்திருப்பார்கள், ஏனெனில் உண்மையான நண்டு அப்போது தரையில் பதுங்கும்.

முள் ஏறிய பிறகு

முதல் சில நொடிகளில் மீனைப் பார்க்காதீர்கள், காலடியில் கிடக்கும் லைனைப் பாருங்கள். அது சுருள் சுருளாக எழுந்து பறக்கும். இடக்கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி அதன் வழியே விட்டால், ரீலின் கைப்பிடியிலோ சட்டைப் பொத்தானிலோ மாட்டாது. லைன் ரீலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கோலை உயர்த்தி, மீனை ஓட விடுங்கள். நல்ல மீன் முதல் ஓட்டத்திலேயே நூறு மீட்டர் போகும். அதை நிறுத்த முயன்றால் நரம்பு அறும். கோலை உயரப் பிடிப்பதால் லைன், புல்லுக்கும் கடற்பஞ்சுக்கும் கண்டல் நாற்றுக்கும் மேலாகச் செல்லும். ஓட்டம் நின்ற கணத்தில் சுற்றத் தொடங்கி, பிறகு தயங்காமல் விரைவாக இழுத்து முடித்துவிட வேண்டும். நீண்ட நேரம் போராடிக் களைத்த மீன், விடுவித்தபின் சுறாவுக்கு இரையாகிவிடும். போராட்டத்தின் நடுவிலேயே சுறா துரத்தக் கண்டால், டிராக்கை முழுதும் தளர்த்தி மீனைத் தடையின்றி ஓடவிடுவதோ, நரம்பை அறுத்துவிடுவதோதான் முறை.

ஃபுளோரிடாவில் 2013 முதல் போன்ஃபிஷ்ஷைப் பிடித்தால் உயிரோடு விட்டாக வேண்டும் என்பது சட்டம். விடுவதை நன்றாகச் செய்வதும் இம்முறையின் ஒரு பகுதியே. முள்முனைக்குச் சற்றுப் பின்னால் எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு செதுக்கைக் குறட்டால் முன்கூட்டியே நசுக்கி வைத்திருந்தால், நீருக்குள்ளேயே ஒரு திருகில் அது கழன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டு, வெயில் களிம்பு ஒட்டியிருந்தால் கழுவிவிட்டு, வயிற்றின் அடியில் தாங்கிப் பிடியுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பான பூச்சை உரித்துவிடும். படம் எடுக்க வேண்டுமென்றால் கேமரா தயாரான பிறகு, பத்து நொடிக்கு மேற்படாமல் தூக்குங்கள். நிமிர்ந்து நிற்க முடியாமல் பக்கவாட்டில் சாயும் மீனை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் சுறாக்கள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். தலை ஓட்டத்தை எதிர்நோக்க நிறுத்தி வைத்து, அது தானே வாலை உதறிக் கையைவிட்டுப் போகும்வரை பொறுத்திருக்க வேண்டும். அருகே சுறாவோ சீலாவோ தென்பட்டால், மீனை நீருக்குள்ளேயே பிடித்தபடி வேறிடத்துக்கு நகர்ந்து பிறகு விடலாம்.

இத்திட்டுகளுக்குப் படகில் வருபவர் தம் எந்திரத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். சுழலும் விசிறி ஆமைப்புல்லின் வேர்த்தண்டை அறுத்தால், அந்த வடு மூடிப் புல் திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும். வானிலிருந்து பார்த்தால் தீவுகளைச் சுற்றிலும் இந்த வெண்கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்கு உட்பட்ட ஃபுளோரிடா விரிகுடாவின் சில பகுதிகளில் எந்திரத்தை நிறுத்தி, தள்ளுகோலாலோ சிறு மின்மோட்டாராலோ மட்டுமே செல்லலாம். மற்ற இடங்களிலும் திட்டின் விளிம்பை அடையும் முன்பே எந்திரத்தை நிறுத்தித் தூக்கிவிட்டு, கோலால் தள்ளிச் செல்வதே முறை. தவறிப்போய்ப் படகு தரைதட்டினால், பின்னால் சேற்றைக் கலக்கியபடி எந்திர வலிமையால் வெளியேற முயலாதீர்கள். ஏற்றம் என்றால் நீர் உயரும்வரை காத்திருந்தால் படகு தானே மிதக்கும். வற்றம் என்றால் எந்திரத்தைத் தூக்கிவிட்டு, ஆட்கள் இறங்கி எடையைக் குறைத்து, வந்த வழியே உடனே பின்னுக்குத் தள்ள வேண்டும்.